மணியோடு ஒரு நடை

எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில், எங்கள் வீட்டு நாய் மணிக்கு எடை கூடிப்போச்சு என்று கால்நடை டாக்டரும் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான்: தினம் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். "மீந்த சோற்றையெல்லாம் ஒன்று நீ சாப்பிடறே, இல்லாட்டி அதுக்குப் போடறே. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே நடங்க" என்று எங்க வீட்டுக்காரர் சிரித்தார்.

சொல்வது சுலபம். சென்னை மாதிரி ஒரு ஊரில் நாயைப் பிடித்துக்கொண்டு எங்கே நடப்பது? தெருவில் இறங்கினால் மோட்டார் சைக்கிள். முனைக்கு முனை அந்தந்தத் தெருவின் நாய்கள் காவல் நிற்கும். சரி, பூங்காவுக்குப் போகலாம் என்றால், பல இடங்களில் வாசலிலேயே நாய்க்கு அனுமதி இல்லை என்று பலகை. அதையும் தப்பென்று சொல்வதற்கில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுக் குழந்தையை வளர்ப்பு நாய்கள் இரண்டு கடித்துக் குதறின. அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாய்க்கும் வயிறு பற்றி எரிந்திருக்கும்.

இப்படியாக நான் கண்டுபிடித்த இடம் திருவான்மியூர் கடற்கரை. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போனால் கூட்டமே இருக்காது. ஈரமணல் பாதத்துக்குக் குளிர்ச்சி. 'யாருமில்லாத இடம், அதுவும் கொஞ்சம் ஓடட்டுமே' என்று சங்கிலியைக் கழற்றி விட்டுவிடுவேன். மணிக்கு வந்த குஷியைப் பார்க்க வேண்டுமே!

அந்த யாருமில்லாத இடத்தில்தான் ஒரு நாள் நான் தலைகுனிந்து நின்றேன்.

மார்ச் மாத நடுவில் ஒரு காலை. மணி ஓடிப்போய் ஓரிடத்தில் மணலைப் பறபறவென்று தோண்டியது. நண்டு பிடிக்கிறது என்று நினைத்து நானும் வேடிக்கை பார்த்தேன். தூரத்திலிருந்து இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். நான் போய் மணியை இழுத்துப் பிடிப்பதற்குள், குழிக்குள் பந்து பந்தாக வெள்ளை முட்டைகள். நாலைந்து உடைந்து மணலெல்லாம் மஞ்சள். ஆமை முட்டை!

அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ராத்திரி பூரா நடந்தோம் ஆன்ட்டி, இந்த ஒண்ணு எங்க கண்ணுல படல" என்று மட்டும் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று பட்டது. மீதி முட்டைகளைப் பதமாக மணலோடு ஒரு பையில் எடுத்துப் போனார்கள்.

அப்புறம்தான் விஷயமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரி நேரத்தில் கரையேறி, மணலில் குழி பறித்து, நூறு முட்டைக்கும் மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தாய் காவலுக்கு இருப்பதில்லை. மணலின் சூட்டிலேயே 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிந்து, தானாகவே கடலைத் தேடிப் போக வேண்டும். 1988-லிருந்து சென்னை மாணவர்கள் ஒரு குழுவாக, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ராத்திரி ராத்திரியாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பத்திரமான இடத்தில் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறார்கள். அந்த முட்டைக்கு நாய் ஒரு பெரிய எதிரி. தெரு நாய்தான் தோண்டும் என்றில்லை. நம் வீட்டுச் செல்ல நாயும் தோண்டும்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. யாருமில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. நாயோடு போகும்போது, 'இந்த இடம் இந்த நேரத்தில் யாருடையது?' என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு அப்புறம் நான் போய் வந்த இடங்களை எல்லாம் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். உங்களுக்கும் பிரயோஜனப்படும் என்று சொல்கிறேன்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை: காலை ஆறரைக்குள் போய்த் திரும்பிவிடுவது உத்தமம். 1930-ல் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டுக்கு அங்கே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. அதை அடையாளம் வைத்துக்கொண்டு நடக்கலாம். சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த இடம் குழந்தைகளுடையது. நாயோடு போகவே வேண்டாம்.

திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரைக் கடற்கரைகள்: கூட்டம் குறைவு. ஆனால் ஜனவரியிலிருந்து மே வரை அலை வந்து நனைக்கும் ஈரமணல் ஓரமாகவே, சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மீனவர் குப்பத்துப் பக்கம் காய்கிற வலைகளை மிதிக்க விடாதீர்கள். மீன் முள்ளும் தூண்டில் முள்ளும் மணலில் கிடக்கும். நாய் வாயில் எதை எடுக்கிறது என்று ஒரு கண் இருக்கட்டும்.

மரத்தடித் தெருக்கள்: பெசன்ட் நகர் அவென்யூக்கள், கலாக்ஷேத்ரா காலனித் தெருக்களில் நிழல் உண்டு, வண்டி குறைவு. கடற்கரைக்குப் போக முடியாத நாளில் இதுவே சௌகரியம். யார் வீட்டு வாசல் கோலத்திலும் கால் வைக்க விடாதீர்கள். விடியற்காலையில் குனிந்து போட்ட கோலம் அழிந்தால் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

ஏரிக்கரைகள்: புறநகரில் இருப்பவர்களுக்கு ஏரிக்கரை நடைபாதை ஒரு வரப்பிரசாதம். வாசல் பலகையைப் படித்துவிட்டுப் போங்கள். இருட்டின பிறகு புல்லுக்குள் பாம்பு பயம். வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரல் இடுக்கெல்லாம் உண்ணி பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நாயைப் படுக்கப் போட்டுவிடும். மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், அதில் எலிக் காய்ச்சல் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

போகவே கூடாத இடங்களும் உண்டு. கிண்டி தேசியப் பூங்கா 1978-லிருந்து புள்ளிமானுக்கும் வெளிமானுக்கும் ஆன இடம். நாயின் வாசனையே அதுகளை மிரள வைக்கும். கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அந்தச் சான்றின் விதிகளிலேயே வளர்ப்புப் பிராணிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

இடத்தைப் போலவே நேரமும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் சாய்ந்த பிறகும் தார் ரோடு தோசைக்கல்தான். நமக்குச் செருப்பு இருக்கிறது, அதுக்கு? புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. காலை ஆறரைக்கு முன், ராத்திரி ஏழரைக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் ஊர் நாய்கள் நம் வெயிலுக்குப் பழகினவை. சப்பை மூக்கு நாயும் பனிப்பிரதேசத்து நாயும் அப்படி இல்லை. நாக்கு நீண்டு, கண் சொருகி, தள்ளாடினால் உடனே நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். வேப்பேரி கால்நடைக் கல்லூரி 1903-ல் ஆரம்பித்தது. அங்கே உள்ள ஆஸ்பத்திரி நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய துணை.

மாநகராட்சி உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் வளர்ப்பு நாய்க்குக் கட்டாயம். ஊசி மூன்று மாதக் குட்டியில் ஆரம்பித்து வருஷா வருஷம் போட வேண்டும். குட்டிக்குத் தடுப்பூசிகள் முழுதும் முடிகிறவரை தெருவில் இறக்காதீர்கள். வாய்மூடி வாங்கும்போது கூடை மாதிரி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். துணியால் வாயை இறுக்கிக் கட்டினால் திணறிப் போகும்.

கைக்குழந்தைக்காரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் நாய் என்று தனியாகக் கிளம்பாதீர்கள். சங்கிலியைச் சின்னப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். நாய் இழுத்தால் பிள்ளைதான் விழும். இன்னொன்று: நாய் மணலில் அசிங்கம் செய்தால் பழைய செய்தித்தாளில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டே ஆக வேண்டும். நாயின் வயிற்றில் கொக்கிப் புழு இருந்தால், அந்தப் புழு மணலில் வளர்ந்து, வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து கோடு போட்ட மாதிரி அரிப்பெடுக்கும். நாய்க்கு வேளா வேளைக்குப் பூச்சி மருந்து கொடுப்பது ஊரார் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

தெரு நாய்கள் சூழ்ந்தால் ஓடாதீர்கள், கம்பை ஓங்காதீர்கள். நின்று, சங்கிலியைக் குட்டையாக்கி, மெதுவாக எதிர்ப்பக்கம் ஒதுங்குங்கள். எந்த நாய் கடித்தாலும், லேசாகக் கீறியிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். வெறிநோய் கண்ட பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது; ஊசியைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் நடை இன்னும் நடக்கிறது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மணிக்கும் இடுப்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது. தை பிறந்ததும் சங்கிலி குட்டையாகிவிடும். மணி மணலைப் பார்த்து இழுக்கும். "அங்கே யாரோ தூங்கறாங்கடா" என்று சொல்லி ஈரமணல் பக்கம் கூட்டிப் போவேன்.

முந்தின வருஷம் ஒரு மாலை, அந்தப் பிள்ளைகள் குஞ்சுகளைக் கடலில் விடும்போது கூப்பிட்டார்கள். மணியை வீட்டில் கட்டிவிட்டுப் போனேன். உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுகள், அலையைப் பார்த்து ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. அன்றைக்கு உடைந்த முட்டைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நாயை நன்றாக வளருங்கள், நன்றாக நடத்திக் கூட்டிப் போங்கள். ஆனால் சங்கிலி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.