குளத்துப் பாசியும் நாளைய எண்ணெயும்

வானூர் வட்டத்துத் திருவக்கரையிலே பழங்காலத்து மரங்கள் கல்லாய்க் கிடப்பதை நம்மிற் பலர் கண்டிருப்பர். மரம் கல்லாவதற்கு நெடுங்காலம் சென்றவாறே, பண்டைக் கடல்களில் மிதந்த பாசி முதலிய நுண்ணுயிர்கள் மண்ணடியிற் புதைந்து பெட்ரோலியமாவதற்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சென்றன. அதனை நாமோ சில தலைமுறைகளுக்குள் எரித்துக் கழிக்கின்றோம். ஆதலின், உயிருள்ள பாசியினின்று நேரே எண்ணெய் பெறலாகாதோ என அறிஞர் ஆராயலாயினர்.

இதற்குத் தடைகள் இரண்டு. பாசி தனக்கு வேண்டியதினும் மிகுதியான ஒளியை விழுங்கி, எஞ்சியதை வெப்பமாக வீணாக்கும். அடியிலுள்ள பாசியோ இருளில் வாடும். பச்சையம் குறைந்த பாசியை ஆக்கின் ஒளி ஆழத்தும் செல்லும் என்பர். மற்றொன்று, நைட்ரஜன் உணவின்றிப் பட்டினி கிடக்கும்போதே பல பாசிகள் எண்ணெயை மிகுதியாகச் சேர்க்கும். அப்பொழுது வளர்ச்சி நின்றுவிடும். 2017இல் அமெரிக்க அறிஞர், நானோகுளோரோப்சிஸ் என்னும் கடல்நீர் நுண்பாசியில் ஒரு மரபணுவின் செயலைத் தணித்து, வளர்ச்சி பெரிதும் குன்றாமலே எண்ணெய்ச் சத்தை நூற்றுக்கு 20 பங்கினின்று 40க்கு மேல் உயர்த்தினர். எனினும் அம்முயற்சிக்குப் பொருளுதவிய எக்ஸான்மோபில் கம்பெனி 2023இல் இத்துறையைக் கைவிட்டது.

நிற்க. இதனால் மனந்தளர்தலும் தவறு. நாளையே நம் ஏரிகளில் எண்ணெய் ஊறும் என ஆரவாரித்தலும் தவறு. பாசியை மாற்றுமுன் பாசியை அறிதல் வேண்டும் என்பதே எமது கருத்து. சென்னையில் ஆராய்ந்த எம். ஓ. பி. ஐயங்கார் 1932இல் ஈரமண்ணில் வளரும் ஃபிரிட்சியெல்லா என்னும் புதிய பாசியை உலகுக்கு அறிவித்தார். பம்பாய்ப் பொவாய் ஏரியினின்று ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்த நீலப்பச்சைப் பாசியொன்று, ஏற்ற நிலையில் இரண்டரை மணி நேரத்துக்குள் இருமடங்காகின்றது. இவை நம் நாட்டு மண்ணும் நீரும் தந்தவை அல்லவோ?

நமக்கு அருகே ஊசுட்டேரி உண்டு. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் கழுவெளியும் உண்டு. பின்னது 2021இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. அதனை எண்ணெய்ப் பண்ணையாக்க நினைத்தல் தகாது. உரிய அனுமதியுடன் எடுத்த ஒரு புட்டி நீரே ஆராய்ச்சிக்குப் போதும். பாசி உவர்நீரிலும் கழிவுநீரிலும் வளருமாதலின், நெல்வயலையும் குடிநீரையும் அதற்கெனப் பறிக்கவும் வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்களே! குளத்துப் படியில் வழுக்கிய பாசியை வைதுவிட்டுப் போதல் எளிது. அதிலொரு துளியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பொறுமையுடன் நோக்குதலே கற்றவர்க்கு அழகாகும்.