காயடிக்க அவசரமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில், குரங்கணி, கொட்டகுடி மலைச்சரிவுகளில் மாடு வளர்ப்போர் காளைக் கன்றுகளுக்குக் காயடிப்பதில் இரண்டு விதமாகத் தவறு செய்யக்கூடும். கன்று பசுக்களைத் துரத்தத் தொடங்கியதுமே தொல்லை தீரட்டும் என்று காயடிப்பது ஒன்று. நாலு பல் போட்ட பிறகும் விட்டுவைத்து, சந்தைக்கு ஓட்டும் சமயத்தில் அவசரமாகக் காயடிப்பது மற்றொன்று. இரண்டிலும் நஷ்டம் மாட்டுக்காரருக்கே.

காளையின் கழுத்தும் திமிலும் தோளும் திரண்டு வருவதற்கு விதைகளில் ஊறும் சுரப்பு நீரே காரணம். மிக இளமையில் காயடித்த கன்றுக்குக் கால் எலும்பு நீளும், உயரமும் கிடைக்கும். ஆனால் முன்பாகம் ஒடுங்கிவிடும். நுகத்தைத் தாங்குவது உயரமல்ல, கழுத்து. சந்தையில் உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பவர் அடுத்து கை வைப்பது கழுத்தின் மேல்தான். அங்கே சதை இல்லையென்றால் விலையும் இறங்கும்.

ஆகவே கன்று யாரிடம் போகப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். உழவுக்கும் வண்டிக்கும் என்றால், மலைமாடு, புளிக்குளம் போன்ற நாட்டுக் கன்றுகளை இரண்டு பல் போடும் தறுவாயில், அதாவது ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வயதில் காயடிப்பது நல்லது. டிராக்டர் வந்தபின் உழவு மாடு தேடுவோர் குறைந்தது உண்மையே. ஆயினும் தேனி மாவட்டத்தில் தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று வகை பிரித்து மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கிறது. நல்ல மாட்டுக்கு இன்றும் கிராக்கி உண்டு. சோடியாக விற்க நினைத்தால் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் காயடியுங்கள், வளர்ச்சி ஒத்திருக்கும்.

ஜெர்சி கலப்பினக் காளைக் கன்றுகளின் கதை வேறு. அவற்றுக்குத் திமில் சிறுத்திருக்கும். வெயிலில் சீக்கிரம் களைக்கும். ஏருக்கு வாங்குவோர் குறைவு. அவற்றைக் காத்திருந்து வளர்ப்பதில் பயனில்லை. மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் காயடித்துவிட்டால் வலியும் குறைவு, பராமரிப்பும் எளிது.

கட்டையால் நசுக்கும் பழைய முறையை அடியோடு விட்டுவிட வேண்டும். பர்டிசோ இடுக்கியால் விதை நரம்பை ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே நசுக்கும்போது தோல் கிழிவதில்லை, ரத்தம் வருவதில்லை. ரத்தம் இல்லையென்றால் வலி இல்லை என்று பொருளல்ல. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள், கால்நடை மருத்துவரைக் கொண்டு, வலி தெரியாமல் மருந்து கொடுத்தே செய்யச் சொல்கின்றன. காயடித்தபின் சில நாள் வீக்கம் இருக்கும். அப்போது ஏரில் பூட்டலாகாது. ஒன்றரை மாதம் வரை பசுக்களிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். அதற்குள் சினைப்படுத்தி விடக்கூடும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. தொழுவிலே மிகச் சிறந்த கன்றுதான் சந்தையில் அதிக விலைக்குப் போகிறது. அதையே காயடித்து விற்றுவிட்டால், மலையில் மேயும் பசுக்களுக்கு மிஞ்சுவது சந்தையில் விலைபோகாத காளை. காட்டில் திரியும் மாட்டுக்குச் சினை ஊசி போடுவதும் எளிதல்ல. இப்படிச் சில தலைமுறை போனால் மந்தை முழுவதும் சிறுத்துவிடும். பிறகு விற்பதற்கும் நல்ல கன்று இராது.

2022இல் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. மேய்ச்சல் நிலம் நெருக்கடியாகும் காலத்தில் மந்தைகளும் குறைகின்றன. இழந்த நல்ல காளையை வேறு மந்தையில் தேடிப் பிடிப்பது இனிக் கடினம்.

எனவே முதல்தரக் கன்று ஒன்றைப் பொலிகாளையாக நிறுத்துங்கள். அதன் கிடேரிகள் பருவத்துக்கு வருமுன், ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கொரு முறை, அடுத்த தொழுக்காரரோடு காளையை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாம் தரக் கன்றுகளை உரிய வயதில் காயடித்து விற்கலாம். நோஞ்சான் கன்றுகள் பசுக்களோடு சேருமுன்பே காயடித்துவிட வேண்டும். ஒரு கன்றின் விலையை இன்று விட்டுக்கொடுப்பவருக்கு, அந்தத் தொகையை வரும் ஆண்டுகளில் பிறக்கும் கன்றுகள் திருப்பித் தரும்.