வியர்வை அசுத்தமல்ல, கறையாக விடுவதே நம் குறை



வெள்ளிக்கிழமை காலையில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு கேள்வி எழுவதுண்டு: "இந்த ஜிப்பா ஏன் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது? சரியாகத் துவைக்கவில்லையா?" கேட்பவர் கணவராகவோ மகனாகவோ இருப்பார், பதில் சொல்ல வேண்டியவர் மனைவியாகவோ தாயாகவோ இருப்பார். அக்குள் பகுதியில் படிந்த கறைக்குத் துவைத்தவரே பொறுப்பு என்று நாம் எளிதாகத் தீர்ப்பளித்துவிடுகிறோம். ஆனால் ஆடை துவைப்பதற்கு வந்து சேருமுன்பே அந்தக் கறை பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. அதைத் தடுக்கும் வாய்ப்பு அணிந்தவரின் கையில்தான் இருக்கிறது.

மார்க்கம் காட்டும் நடுநிலை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மனிதனின் வியர்வை நஜீஸ் அன்று. வியர்வை பட்ட ஆடையுடன் தொழுதால் தொழுகை கூடும். ஆகவே, வேலைத்தலத்திலிருந்து பாங்கோசை கேட்டு ஓடிவந்து லுஹர் ஜமாஅத்தில் சேரும் கொத்தனாரையோ சுமை தூக்கும் சகோதரரையோ பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை. அவருடைய சட்டையில் இருப்பது ஹலாலான உழைப்பின் அடையாளம்.

அதே வேளையில், மாற்றிக்கொள்ள வசதியும் நேரமும் உள்ளவர் அலட்சியமாக வருவதை மார்க்கம் ஊக்குவிக்கவில்லை. மதீனாவின் சுற்றுப்புறங்களிலிருந்து புழுதியிலும் வியர்வையிலும் நனைந்து ஜும்ஆவுக்கு வந்தவர்களிடம், இந்த நாளுக்காகத் தூய்மை செய்துகொண்டால் நன்றாயிருக்குமே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அங்கே கடிந்துரைப்போ அவமதிப்போ இல்லை. கனிவான வழிகாட்டுதலே இருக்கிறது. அழுக்கான ஆடை அணிந்த ஒருவரைக் கண்டபோது, ஆடையைக் கழுவ இவருக்கு ஏதும் கிடைக்கவில்லையா என்று நபியவர்கள் வினவிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. உழைப்பவரை மதிப்பது, உடையைப் பேணுவது ஆகிய இரண்டும் சேர்ந்ததே சுன்னத்தான வழி.

கறை எவ்வாறு உருவாகிறது?

வியர்வைக்கு இயல்பில் நிறமும் இல்லை, பெரிய வாடையும் இல்லை. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. மஞ்சள் கறைக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நாம் டியோடரன்ட் என்று பொதுவாக அழைப்பவற்றில் இரு வகைகள் உண்டு. ஒன்று வாடையை மட்டும் கட்டுப்படுத்துவது. மற்றொன்று, ஆன்டிபெர்ஸ்பிரன்ட் எனப்படும், வியர்வையையே குறைப்பது. இரண்டாவது வகையில் அலுமினிய உப்புகள் உள்ளன. அவை வியர்வையோடும் தோலின் எண்ணெய்ப்பசையோடும் கலந்து நூலிழைகளில் படிந்து, நாளடைவில் மஞ்சளாக இறுகுகின்றன. கறுப்பு அபாயாவில் இதுவே வெள்ளைத் தடமாகத் தெரிகிறது. நாற்றத்துக்கு அஞ்சி நாம் மேலும் மேலும் பூசுவதே பல வேளைகளில் கறையை வளர்க்கிறது.

அணிபவர் செய்ய வேண்டியவை

அக்குள் முடியை 40 நாட்களுக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்ற வரம்பை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியில் காண்கிறோம். இந்த ஒரு சுன்னத்தைப் பேணினாலே வியர்வையும் வாடையும் தங்குமிடம் குறைந்துவிடும்.

எதைப் பூசினாலும் குறைந்த அளவில், நன்கு துடைத்த தோலில் பூசி, முழுவதும் உலர்ந்த பின்பே ஆடை அணிய வேண்டும். வாடை மட்டுமே குறை என்றால், அலுமினியம் இல்லாத வகையே போதும். மெழுகுபோல் படியும் வகையைப் பயன்படுத்துவோர், கடமையான குளிப்பின்போது அதைத் தேய்த்து நீக்கித் தண்ணீர் தோலைச் சென்றடையச் செய்வது அவசியம்.

அத்தர் எண்ணெய்த்தன்மை உடையது. அதை வெள்ளை ஆடையின் மீது நேரடியாகத் தடவினால் அதுவும் கறையாகும். தோலில் தடவிக்கொள்வதே நலம். ஜிப்பாவுக்குள் பருத்திப் பனியனும், அபாயாவுக்குள் மெல்லிய பருத்தி உள்ளாடையும் அணிந்தால் அவை வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆடையைக் கழற்றிய அன்றே அக்குள் பகுதியைக் குளிர்ந்த நீரில் அலசிவிடுவது. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஈரம் காயாத வியர்வை எளிதில் வெளியேறிவிடும். சுருட்டி அழுக்குக் கூடையில் எறிந்து ஒரு வாரம் கழித்து எடுத்தால், எவ்வளவு சோப்புத்தூள் போட்டாலும் அது முழுமையாகப் போகாது. கறை இருக்கும்போதே சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் அது மேலும் இறுகிவிடும்.

ஏற்கெனவே மஞ்சள் படிந்திருந்தால், வெள்ளை வினிகரை நான்கு பங்கு தண்ணீரில் கலந்து அந்தப் பகுதியை அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, பின்னர் வழக்கம்போல் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். வண்ண ஆடை என்றால், உள்மடிப்பில் ஒரு சிறு இடத்தில் சோதித்த பின்பே செய்ய வேண்டும். வெண்மையாக்கப் பலர் தேடும் குளோரின் பிளீச் இவ்வகைக் கறையை மேலும் மஞ்சளாக்கக்கூடும். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. அதிலிருந்து நச்சு வாயு வெளிவரும்.

யாருடைய பொறுப்பு?

தொழுமிடங்களில் அழகிய ஆடையை மேற்கொள்ளுமாறு ஏவும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனமே, வீண்விரயத்தையும் தடுக்கிறது. இரண்டு கட்டளைகளையும் நாம் சேர்த்தே ஏற்க வேண்டும். நூல் நைந்து போகாத ஒரு ஜிப்பாவை அக்குள் கறைக்காக ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு பெருநாளுக்கும் புதிதாக வாங்குவது அலங்காரம் ஆகாது. ஜும்ஆவுக்கென்று வேலை உடை அல்லாத ஓர் ஆடையைத் தனியாக வைத்துக்கொள்ளுமாறு நபிமொழி வழிகாட்டுகிறது. வைத்திருப்பதைப் பேணினால் அந்த ஓர் ஆடையே பல ஆண்டுகளுக்குப் போதும்.

இதைப் பேணுவது பெண்களின் வேலை மட்டும்தானா? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. இதை மிம்பரிலும் மேடையிலும் பெருமையுடன் எடுத்துச் சொல்லும் நாம், சொந்தச் சட்டையின் அக்குளை அலசக் கூச்சப்படுவது எந்த வகையில் பொருந்தும்? மதரஸாவுக்கு வரும் மாணவர்களுக்கு உளூவின் ஃபர்ளுகளைக் கற்றுக்கொடுக்கிறோம். அதே வயதில், கழற்றிய ஜிப்பாவை அன்றே அலசிக் கொடியில் போடவும் அவர்களைப் பழக்குவோம். பத்து வயதில் பழகாதவன் முப்பது வயதில் மனைவியைக் குறை சொல்லவே கற்றிருப்பான்.

தக்பீருக்காகக் கைகளை உயர்த்தும்போதும், துஆவுக்காகக் கைகளை ஏந்தும்போதும் நம் உடையின் அந்தப் பகுதி வெளிப்படத்தான் செய்கிறது. அது தூய்மையாக இருக்க வேண்டுமென்றால், அதற்கான முயற்சி வெள்ளிக்கிழமை காலையின் அதட்டலில் அல்ல, முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில் நம் கையாலேயே தொடங்க வேண்டும்.

அல்லாஹ் நம் அகத்தையும் புறத்தையும் தூய்மையாக்கி, பிறர் மீது சுமையேற்றாத நல்லோராக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.