விமானத்தைக் கம்பத்தில் ஏற்ற வேண்டாம்

சென்ற மாதக் கூட்டத்தில் நம் சங்க நண்பர் ஒருவர் எழுந்து ஒரு யோசனை சொன்னார். 1963 முதல் நம் விமானப் படையில் பறந்துவந்த மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்றன அல்லவா? அவற்றுள் ஒன்றை நம் பல்கலைக் கழகம் கேட்டு வாங்க வேண்டும். வாயிலில் ஒரு சிமெண்டுத் தூண் எழுப்பி அதன் உச்சியில் வானைப் பார்த்து நிறுத்த வேண்டும். விண்ணப்பத்தில் தமிழ் மாணவர் கையெழுத்துத்தான் முதலில் விழ வேண்டும் என்றார். கைதட்டல் வானைப் பிளந்தது. தட்டிய கைகளில் என் கைகளும் உண்டு. அறைக்குத் திரும்பிய பிறகுதான் மனம் உறுத்தத் தொடங்கியது. விண்ணப்பத் தாள் மூன்று வாரமாக என் மேசைமேல் கிடக்கிறது. “ஏனய்யா இன்னும் போடவில்லை?” என்று கேட்கும் நண்பர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே விடை சொல்லிவிடுகிறேன்.

இந்த மூன்று வாரத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பாலத்தில் கழித்தேன். பாலம் என்றதும் யமுனைப் பாலம் என்று எண்ணிவிட வேண்டாம். தில்லி விமான நிலையத்தை அடுத்த ஊர் அது. விமானப் படையின் காட்சிசாலை 1967 முதல் அங்கே இருக்கிறது. உள்ளே ஒரு வாபிட்டி நிற்கிறது. துணி போர்த்திய, இரட்டை இறக்கை விமானம். 1933 ஏப்ரலில் கராச்சியில் நம் விமானப் படையின் முதல் பிரிவு பிறந்தபோது அதன் முழுச் சொத்து இப்படிப்பட்ட நான்கு வாபிட்டிகள்தாம். இன்று உலகில் முழு உருவோடு எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். கூரைக்குக் கீழ் இருப்பதால் எஞ்சியது. தூணில் ஏற்றியிருந்தால் இரண்டு மழைக்காலம் கூடத் தாங்கியிராது.

“அது துணி, மிக் உலோகம் அல்லவா?” என்பீர்கள். உலோகமும் சாகும், நண்பர்களே, ஓசைப்படாமல் சாகும். விமானத்தின் மேனி மெல்லிய அலுமினியக் கலவைத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்தது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே மழைநீர் புகுந்து தங்கினால் அரிப்பு உள்ளிருந்து தொடங்கும். எஃகு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடங்களில் ஈரம் பட்டால் இன்னும் விரைவு. வெளியிலே பெயிண்டு பளபளக்கும். உள்ளே வெண்பொடி பூத்திருக்கும். விமானி அறையின் கண்ணாடி வெயிலில் மங்கி வெடிக்கும். ரப்பர்க் குழாய்கள் பொடியாகும். காற்று புகும் வாயில் புறாக்கள் குடித்தனம் நடத்தும். ஆண்டுதோறும் விழாவுக்கு முன்பு யாரேனும் ஒரு கோட்டுப் பெயிண்டு அடிப்பார்கள். அதைப் பாதுகாப்பு என்றும் சொல்லிக்கொள்வார்கள்!

ஆனால் நான் கையெழுத்துப் போடாததற்கு வெயிலும் மழையும் மட்டும் காரணமல்ல. பாலத்தில் இன்னொரு விமானத்தின் எதிரில் நெடுநேரம் நின்றேன். நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம். அதன் கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப் படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரில் குவித்துவிட்டுப் போயிற்று. அமெரிக்காவிடம் கடன் ஏற்பாட்டில் பெற்றவை அவை. வேறு யாரும் பறக்கவிடக் கூடாதென்று கருவிகளை உடைத்தனர், உடலைக் குத்திக் கிழித்தனர், எஞ்சினில் மணலைக் கொட்டினர். விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் வேண்டியிருந்தது, வாங்கப் பணமில்லை. 1948-ல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆட்கள் அந்தக் குப்பைமேட்டில் இறங்கினார்கள். ஒன்றின் இறக்கையை எடுத்து மற்றொன்றில் பொருத்தி, பெங்களூர் வரை ஒரே ஒரு தடவை பறந்தால் போதும் என்ற அளவுக்குச் சீர்செய்தார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி, அந்த வகையை அதற்கு முன் ஓட்டிப் பழகாதவர், ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குப் பறந்து கொண்டுசேர்த்தார். அங்கே முழுச் செப்பனிடல் நடந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஐந்தாம் படைப்பிரிவு லிபரேட்டர்களோடு உருவாயிற்று. 1968 வரை அவை நம்மிடம் பணிபுரிந்தன.

அதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. உலகில் லிபரேட்டர்கள் அநேகமாக அழிந்துபோயிருந்தன. 1974-ல் பிரிட்டிஷ் விமானப் படையின் காட்சிசாலைக்கு நாம் ஒன்று கொடுத்தோம். உடைத்துப் போட்டவருக்கே ஒட்டவைத்துக் கொடுத்திருக்கிறோம்! அரிசோனாவிலுள்ள காட்சிசாலைக்கும் ஒன்று போயிற்று. மற்றொன்றை ஓர் ஆங்கிலேயர் வாங்கிப்போக, அவரிடமிருந்து அமெரிக்க அறக்கட்டளை ஒன்று வாங்கி, 1989-ல் திரும்பவும் பறக்கவிட்டது. நம் விமானத் தளங்களின் மூலையில் கிடந்த ஸ்பிட்பயர்களும் 1970-களில் இப்படியே கடல் கடந்தன. அவற்றுட் சில இன்று இங்கிலாந்தில் பறக்கின்றன.

போனது விமானம் மட்டுமா? 2018 மே மாதத்தில், நமக்கு அருகிலுள்ள ஹிண்டன் தளத்தில் பழைய டகோட்டா ஒன்று படையில் சேர்ந்தது. 1947 அக்டோபர் 27-ஆம் நாள் சீக்கியப் படையினரைச் சுமந்து ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண்ணான வி.பி.905 என்பதையும், பரசுராமா என்ற பெயரையும் அதற்கு இட்டார்கள். டகோட்டா ஓட்டிய தம் தந்தையின் நினைவாக ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கிச் செப்பனிட்டு அன்பளிப்பாக அளித்தார். 2011-ல் முதன்முதல் கொடுக்க முன்வந்தபோது அரசு ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செப்பனிடல் நடந்தது எங்கே? இங்கிலாந்தில். டகோட்டாவுக்கும் லிபரேட்டருக்கும் எஞ்சின் ஒரே குடும்பம்: பதினான்கு சிலிண்டர் கொண்ட பிராட் அண்டு விட்னி. 1948-ல் மணல் கொட்டிய எஞ்சினுக்கு உயிர் கொடுத்த நாடு, அதே குடும்பத்து எஞ்சினுக்குக் கடல் தாண்டிய கைகளைத் தேடிற்று. லிபரேட்டரைக் காத்தோம், சரி; லிபரேட்டரைச் செப்பனிட்ட கையைக் காக்கவில்லை. என் குறை இதுதான்.

டகோட்டாவுக்காவது உலகெங்கும் உதிரிப் பாகமும் அறிந்தவரும் உண்டு. மாருத்துக்கு யார் உண்டு? ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவாகி 1961 ஜூனில் முதன்முதல் பறந்த நம் சொந்த விமானம் அது. 147 செய்தோம். இன்று ஒன்றுகூடப் பறக்கும் நிலையில் இல்லை. அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் முதுமையெய்தி வருகிறார்கள்.

பயணிகள் விமானங்களின் கதி இதைவிட மோசம். பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் டகோட்டா ஒன்று கொல்கத்தா விமான நிலையத்தில் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. 2023 ஜனவரியில்தான் அதைப் பிரித்து லாரிகளில் ஏற்றிப் புவனேசுவரம் கொண்டுபோனார்கள்.

“சோற்றுக்கே திண்டாடும் நாட்டில் பழைய இரும்புக்குச் செலவா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. தூணுக்கும் சிமெண்டுக்கும் திறப்பு விழாவுக்கும் ஆகும் செலவைக் கண்டு அவர் அப்படிக் கேட்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். இன்னொருவர், பழையவற்றைப் பறக்கவிட்டால்தான் காத்ததாகும் என்றார். அதில் எனக்குப் பாதி உடன்பாடு. அமெரிக்காவில் 2019-ல் பழைய பி-17 ஒன்று விழுந்து ஏழு பேர் மாண்டனர். 2022-ல் டல்லாஸ் நகரில் இரண்டு பழைய விமானங்கள் வானில் மோதி ஆறு பேர் மாண்டனர். பல இருக்கும் வகையில் ஒன்றைப் பறக்கவிடலாம். வாபிட்டி போன்ற ஒற்றைப் பிள்ளையை யார் பறக்கவிடுவார்கள்?

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1950-களில் ஓய்வுபெற்ற விமானங்கள் இரண்டை வைத்திருந்தார்கள். தூணின் மேல் அல்ல. உறுப்புகளை மாணவர் பார்த்துப் பயில்வதற்காக. இராமேசுவரத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவற்றருகே உட்கார்ந்திருப்பாராம். அப்துல் கலாம்தான். பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்று, எஞ்சின்களைக் கழற்றிச் செப்பனிடும் வேலையில் கைவைத்தார். அந்த இரண்டும் இருபது அடி உயரத்தில் நின்றிருந்தால் அந்த மாணவர் எதைப் பார்த்திருப்பார்? வயிற்றுப் பக்கத்தைத்தான்!

ஆகவே விண்ணப்பத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். தூண் என்ற சொல்லை அடித்துவிட்டு, இயந்திரவியல் துறைக்குப் பின்னாலுள்ள காலி இடத்தில் கூரை வேய்ந்த கொட்டகை என்று போட்டிருக்கிறேன். விமானம் வருமுன் கொட்டகை எழ வேண்டும். மிக்-21-இல் வேலை செய்து ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளில் இருவரையாவது மாதம் ஒரு முறை அழைக்க வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல நாம் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், எழுதிவைக்க வேண்டும், திரும்பப் பூட்ட வேண்டும். எந்த நாட்டு மாணவர் எந்த ஆணியைத் திருகினார் என்று ஒரு பதிவேடும் இருக்கட்டும். கொட்டகைக்குப் பணம் கிடைக்காவிட்டால் விமானத்தைக் கேட்கவே வேண்டாம்.

தாளின் அடியில் என் கையெழுத்தைப் போட்டாயிற்று. அடுத்த சனிக்கிழமை மாலை வரை தாள் என் அறையில் இருக்கும், கதவைத் தட்டலாம். யோசனை சொன்ன நண்பர் முதலில் வந்தால் தேநீர் என் செலவு.