கோணல் கோடுகளின் வலிமை

கனடாவைச் சேர்ந்த ரயன் நார்த், 2003 பிப்ரவரியில் இணையத்தில் ஒரு சித்திரத் தொடரைத் தொடங்கினார். ஆறே கட்டங்கள். ஓயாமல் பேசும் ஒரு டி-ரெக்ஸ், இடையில் ஒரு குட்டி மரவீட்டை மிதிக்கக் காலைத் தூக்கும். சில விதிவிலக்குகள் தவிர, அதே ஆறு படங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. பேச்சு மட்டும் மாறியது: ஒரு நாள் மொழியியல், ஒரு நாள் காதல், இன்னொரு நாள் மரணம். இருபது ஆண்டுகளைக் கடந்தும் ‘டைனோசர் காமிக்ஸ்’ வாசகர்களுக்கு அலுக்கவில்லை.

அச்சு இதழ் ஒன்றின் ஆசிரியர் இதை ஏற்றிருக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தாள் விலையும் பக்கக் கணக்கும் அவருக்கு உண்டு. இணையத்தில் அந்தக் கணக்கு இல்லை. சொல்ல விஷயம் உள்ள ஒருவர், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், தனக்கு வரும் கோட்டிலேயே அதைச் சொல்லிவிடலாம். இணையச் சித்திரத் தொடர்களான வெப்காமிக்ஸின் ஈர்ப்பு அங்கேதான் பிறக்கிறது.

நாசாவில் ரோபோ பணியில் இருந்த ராண்டல் மன்றோ, 2005இல் ‘எக்ஸ்கேசிடி’யை ஆரம்பித்தார். தலைக்கு ஒரு வட்டம், உடலுக்குச் சில கோடுகள், முகம்கூடக் கிடையாது. 2013இல் அவர் வெளியிட்ட ‘டைம்’ என்ற கதையில், கடற்கரையில் இருவர் மணற்கோட்டை கட்டுகிறார்கள். அந்தப் படம் முதலில் அரை மணிக்கொரு முறையும், பிறகு மணிக்கொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தது. நான்கு மாதங்களில் 3,099 படங்கள்! வாசகர்கள் உறங்காமல் காத்திருந்தார்கள். கதையின் இரவு வானில் விண்மீன்கள் இருந்த இடங்களைக் கணக்கிட்டு, இது பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நடப்பது என்று கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டு அதற்கு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. ஒரு குச்சி மனிதனுக்காக வானியல் படிக்கும் வாசகர்கள் வேறெந்தக் கலைக்கு வாய்ப்பார்கள்?

ஜப்பானில் ‘ஒன்’ என்ற புனைபெயர்க்காரர் 2009இல் ‘ஒன் பஞ்ச் மேன்’ வரையத் தொடங்கியபோது, கோடுகள் பள்ளி நோட்டில் கிறுக்கியவைபோல இருந்தன. ஆனாலும் கதையில் மயங்கிய தேர்ந்த ஓவியர் யூசுகே முராட்டா, 2012 முதல் அதைப் புதிதாக வரைந்துவருகிறார். கிறுக்கல் வடிவத்தை ஒன் கைவிடவில்லை. அதற்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கோணல் கோடு ஒரு மனிதரின் கையெழுத்து.

தென் கொரியாவின் கதை வேறு. காங் புல் என்ற படைப்பாளி 2003இல் தன் காதல் கதையைத் திரையில் கீழே இறங்கிக்கொண்டே படிக்கும்படி அமைத்தார். இரண்டு படங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம் மௌனமாகவும் காலமாகவும் ஆனது. அழகான கண்டுபிடிப்பு. பின்னர் அது பெருந்தொழிலாக வளர்ந்தது. வாரந்தோறும் முழு வண்ணத்தில் ஒரு நீண்ட அத்தியாயம் என்ற நெருக்கடி படைப்பாளிகளின் உடல்நலத்தைக் கெடுக்கிறது. கலைஞர் எப்போது ஓய்வெடுப்பது என்பதை நிறுவனத்தின் அட்டவணை தீர்மானிக்கும்போது, இந்தக் கலை எந்தச் சுதந்திரத்தால் பிறந்ததோ அதுவே பறிபோகிறது.

தமிழில் காமிக்ஸ் வாசிப்புக்கு நீண்ட மரபு உண்டு. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் வந்த முத்து காமிக்ஸ் தலைமுறைகளை வளர்த்தது. ஆனால் அந்த மரபில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பே. நம் பேருந்தும் ரேஷன் கடையும் விடுதி அறையும் நம் பேச்சு வழக்கோடு கட்டங்களுக்குள் வர வேண்டும். வரையத் தெரியாது என்று தயங்கும் இளைஞர்களே, ஒரு தாளும் பேனாவும் கைபேசியும் போதும். முதல் நான்கு கட்டங்களை இந்த வாரமே வெளியிடுங்கள்.