பெயரை வாங்குவதா, கடையை வைப்பதா?

சென்ற மாதம் சீயமங்கலத்து அங்கத்தினர் ஒருவர் ஓர் ஒப்பந்தப் பத்திரத்துடன் என்னிடம் வந்தார். 28 பக்கங்கள்; முழுவதும் ஆங்கிலம். பட்டதாரியான அவருடைய மகன் செஞ்சி பஸ் நிலையத்தருகே தேநீர்க் கடை வைக்க விரும்புகிறான். சொந்தப் பெயரில் அன்று. நகரங்களில் பெயர்பெற்ற ஒரு கம்பெனியின் பெயரில். அப்பெயருக்கென்று முன்னதாகச் செலுத்த வேண்டியது 5 லட்சம் ரூபாய். அதற்காகக் கிணற்றோடு கூடிய மணிலா நிலத்தை அடகு வைக்கலாமா என்பதே தந்தையின் கேள்வி.

இக்கேள்வி அவருடையது மட்டுமன்று. தறியையும் ஏரையும் விட்டு வியாபாரத்தில் இறங்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் உரியது. ஆதலின் என் அபிப்பிராயத்தை ஒளிவின்றிக் கூறிவிடுகிறேன்.

பிரான்சைஸ் என வழங்கும் இம்முறையில் பெயரும் செய்முறையும் பயிற்சியும் கம்பெனியுடையவை. இடமும் முதலும் உழைப்பும் நஷ்டமும் கடைக்காரருடையவை. அமெரிக்காவில் நாய்களை ஓடியாட விடும் பூங்காக்களையும் இம்முறையில் நடத்துகிறார்கள் எனில், தேநீருக்கு இது வந்ததில் வியப்பில்லை. இதில் நன்மையே இல்லை என்று நான் கூறவில்லை. புதிதாகக் கடை வைப்பவன் முதலாண்டில் செய்யும் பிழைகளை, முன்னரே அவற்றைச் செய்து பாடம் கற்ற கம்பெனி தடுத்துவிடலாம். திண்டிவனம், திருவண்ணாமலைச் சாலையில் காரில் செல்பவர், தாம் அறிந்த பலகையைக் கண்டால் வண்டியை நிறுத்துவார். அறியாத பலகையைக் கடந்து போய்விடுவார்.

நிற்க. கணக்கைப் பார்ப்போம். முன்பணம் ஒருமுறை கொடுப்பது. ராயல்டி என்பது மாதந்தோறும் கொடுப்பது. பெரும்பாலும் இது லாபத்தின்மீது அன்று, விற்பனையின்மீது கணக்கிடப்படுவது. நம்மவர் பலர் கவனியாது விடும் இடம் இதுவே. ஓர் உதாரணம் கொள்வோம். மாத விற்பனை 2 லட்சம். பால், சர்க்கரை, வாடகை, கூலி, மின்சாரம் எல்லாம் போக நிற்பது 20,000 ரூபாய். ராயல்டி நூற்றுக்கு 6 எனில் 12,000 கம்பெனிக்குப் போகும். மீதி 8,000. நிலத்தை அடகு வைத்து வாங்கிய 5 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் எனில் மாதம் 5,000. பையனுடைய கையில் நிற்பது 3,000. இது நல்ல மாதம். மழைக்காலத்தில் விற்பனை ஒன்றரை லட்சமாகக் குறைந்து, 5,000 மட்டுமே மிஞ்சினாலும், 9,000 ராயல்டி கட்டியே தீரவேண்டும். வட்டி வேறு. சொந்தக் கடையாயின் அம்மாதம் லாபம் குறையுமே தவிர, கைப்பணம் போட்டுப் பிறர் பெயரைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

அப்பெயரும் நம்மிடம் நிலைத்திருக்குமா? மெக்டொனால்ட்ஸ் கம்பெனியோடு 1995-ல் சரிபாதிப் பங்கில் கூட்டுச் சேர்ந்தவர் டில்லியைச் சேர்ந்த விக்ரம் பக்ஷி. 2013-ல் அவர் நிர்வாக இயக்குநர் பதவியினின்று நீக்கப்பட்டார். 2017-ல் வட இந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலுமாக 169 உணவகங்களுக்கான உரிமை ரத்து என்று கம்பெனி அறிவித்தது. வழக்குகள் நடந்து, 2019-ல் அவர் தம் பங்கை விற்று வெளியேறினார். வக்கீல்களுக்குக் கொடுக்க அவரிடம் பொருள் இருந்தது. மணிலா நிலம் ஒன்றையே உடையவர் என் செய்வார்?

சட்டத்தின் துணையும் குறைவே. அமெரிக்காவில் 1979 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பெயரை விற்கும் கம்பெனி தன் விவரங்களை எழுத்தில் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இப்போது கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னர். நம் நாட்டில் பிரான்சைஸுக்கெனத் தனிச் சட்டமே இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே பெரும்பாலும் கைகொடுக்க வேண்டும். ஒப்பந்தம் நடைமுறையிலுள்ள காலத்தில் போட்டிச் சரக்கை விற்கலாகாது என்ற நிபந்தனை செல்லும் என்று 1995-ல் கொகா கோலா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பத்திரம் தடுக்குமாயின், தன் நிலத்து மணிலாவில் வீட்டார் செய்த கடலை உருண்டையைக்கூட அப்பையன் தன் கடையில் வைக்க இயலாது.

பெயர் வேண்டுமெனில் கூட்டுறவின் பெயர் இருக்கிறது. 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸின் பெயரில் நெசவாளர் சங்கங்களுக்குப் பங்குண்டு. ஆவின் பாலகம் நடத்துபவர் விற்பது நம் உற்பத்தியாளரின் பாலை. அமுல் தன் கடைக்காரரிடம் ராயல்டி வாங்குவதில்லை என வெளிப்படையாக அறிவித்துள்ளது; தன் பெயரால் பணம் பறிக்கும் போலி இணையதளங்களைப் பற்றியும் எச்சரித்துள்ளது. கூட்டுறவுக் கடைகளில் குறையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சிலவற்றில் பலகையிலும் தூசி, விற்பவர் முகத்திலும் தூசி. ஆயினும் குறையைப் பொதுக்குழுவில் எழுந்து கேட்க நமக்கு உரிமையுண்டு. கம்பெனியின் கூட்டத்தில் நமக்கு நாற்காலி இல்லை.

சொந்தப் பெயருக்கு மதிப்பேது என்று பையன் கேட்டான். அவனூர்க் குடைவரைக் கோயிலுக்கு மகேந்திர பல்லவன் தன் விருதையே இட்டு அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று கல்லில் பொறித்தான். ஊரார் சுவாமியைத் தூணாண்டார் என்கின்றனர். அரசன் இட்ட பெயர் கல்வெட்டில் இருக்கிறது. ஊரார் இட்டது வழக்கில் இருக்கிறது. செஞ்சிச் சந்தைக்கு வருவோர் ஓராண்டு நல்ல தேநீர் குடித்தால், கடைக்கு அவர்களே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

நிலத்தை அடகு வைக்க வேண்டாம் என்று தந்தையிடம் கூறினேன். பையன் முதலில் அக்கம்பெனியின் கடையொன்றில் ஆறு மாதம் கூலிக்கு வேலை பார்க்கட்டும். அப்பெயரில் கடை நடத்தி மூடியவர் இருவரையேனும் தேடிக் கண்டு பேசட்டும். அதன் பின்னும் விருப்பம் மாறாவிடில் சேமிப்பிலிருந்து செய்யலாம், நிலத்திலிருந்து அன்று. அங்கத்தினர் கொண்டுவரும் இத்தகைய பத்திரங்களைத் தமிழில் படித்து விளக்க, வக்கீல் ஒருவரைச் சங்கச் செலவில் மாதம் ஒரு நாள் அமர்த்த வேண்டுமென்ற தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் நான் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய இசைவோர் கூட்டத்துக்கு முன்னரே காரியதரிசியிடம் தெரிவிக்கக் கோருகிறேன்.