நாய் கடித்தால் முதலில் சோப்பும் தண்ணீரும்

கேள்வி: தெருநாய் ஒன்று என் காலில் கடித்தது. கொட்டிலில் இருந்த கறவை மாட்டையும் கடித்துவிட்டது. சுண்ணாம்பு தடவினால் போதும் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருக்கழுக்குன்றம் வட்டம்

பதில்: இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரச் சில நாளாகிவிடும். இன்னும் ஊசி போடவில்லை என்றால், இதழை மூடிவிட்டு இன்றே அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றும் முன்பே ஊசி போட்டாக வேண்டும். தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

மற்ற வாசகர்களும் கவனியுங்கள். கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. அதன் மேலுறையில் கொழுப்பு இருப்பதால் சோப்பு அதை அழித்துவிடும். எனவே கடித்த உடனே ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். வயலில் இருந்தால் பம்புசெட் போதும். துணி துவைக்கும் சோப்பும் ஆகும். 15 நிமிடம் என்பது நீண்ட நேரம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். பிறகு பீட்டாடின் இருந்தால் தடவலாம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். அவை புண்ணைக் கெடுக்கும், கிருமியைக் கொல்லாது. காயத்தை இறுகக் கட்டவும் வேண்டாம்.

கழுவிவிட்டால் ஊசி தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் பெரியவர்களுக்கு இன்னும் போகவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து 2005 வாக்கிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். வலி குறைந்ததும் கடைசி ஊசியை விட்டுவிடுபவர்கள் பலர், விடாதீர்கள். ரத்தம் வந்த காயமானால் அதைச் சுற்றிப் போடும் தனி மருந்தும் உண்டு. அதற்காகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் தட்டாமல் போங்கள். குட்டி நாய்தானே, கீறல்தானே என்பதும் தவறு.

மாட்டின் காயத்தையும் கையுறை போட்டு இதேபோல் கழுவி, 1962-க்கு அழையுங்கள். கால்நடை மருத்துவர் அதற்கும் ஊசி போடுவார். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். பின்னால் மாடு எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், அடித்தொண்டையில் கத்தினால், ஏதோ தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிட்டுவிடாதீர்கள். தனியாகக் கட்டி, பிள்ளைகளை அண்டவிடாமல் மருத்துவரை வரவழையுங்கள்.